பையனை நேவிக்கு அனுப்பியாச்சு, இனி யாரைக் கேட்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கான கேள்வி பதில்

நம் இரண்டு மாவட்டத்திலும் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடற்படைக்கு அனுப்பிய வீடு அத்தனை சுலபத்தில் கண்ணில் படாது. ஆர்டர் வந்த அன்று ஊரே வந்து வாழ்த்திவிட்டுப் போகும். பையன் ரயிலேறிய பிறகு வருகிற சந்தேகங்களைக் கேட்கத்தான் ஆள் இருக்காது. என் மகன் அக்னிவீராக, அதாவது நான்கு ஆண்டுப் பணித் திட்டத்தில் சேர்ந்து, பயிற்சி முடித்து, இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் போனதிலிருந்து பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று பல பக்கத்து அம்மா அப்பாக்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உங்கள் பிள்ளைக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. அதற்கு மாறாக யார் சொன்னாலும், நான் சொன்னாலும், கடிதத்தையே நம்புங்கள்.

சில்கா என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? கப்பலா, ஊரா?

ஒடிசாவில் குர்தா மாவட்டத்தில், சிலிகா ஏரிக்கரையில் இருக்கிற பயிற்சித் தளம். பெயர் ஐ.என்.எஸ். சில்கா. கரையில் இருக்கும் தளங்களுக்கும் கடற்படையில் கப்பல் மாதிரியே பெயர் வைப்பார்கள், அதனால் பையன் போன உடனே நடுக்கடலில் இருக்கிறான் என்று பயப்பட வேண்டாம். 1980 முதல் அங்கேதான் புதிதாகச் சேரும் மாலுமிகளுக்கு அடிப்படைப் பயிற்சி. சுமார் நான்கு மாதம் ஓட்டம், டிரில், நீச்சல், துப்பாக்கி, கயிறு, படகு, வகுப்பு என்று போகும். அதன் பிறகு அவரவர் பிரிவுக்கு ஏற்ப வேறு ஊர். இன்ஜின் பக்கம் என்றால் லோனாவாலா, எலக்ட்ரிக்கல் என்றால் ஜாம்நகர், பீரங்கி என்றால் கொச்சி, சமையல் பிரிவு என்றால் மும்பை. அப்புறம்தான் கப்பலோ தளமோ கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

பெட்டி, பனியன், ஷூ எல்லாம் கடிதத்தில் பட்டியலாகவே இருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் போதும். நிறைய பேர் கோட்டை விடுவது பெயரில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நமக்கெல்லாம் இனிஷியல்தான் வழக்கம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘எம். சதீஷ்’ என்று இருக்கும். ஆதாரில் ‘சதீஷ் மாதப்பன்’ என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘சதீஷ்’. அப்பா பெயர் ஓர் இடத்தில் மாதப்பன், இன்னோர் இடத்தில் மாதையன். ஊருக்குள் இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒடிசாவில் உட்கார்ந்து காகிதத்தை ஒப்பிடுகிறவருக்கு எப்படித் தெரியும்? பையனுடைய மார்க் ஷீட், ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். மார்க் ஷீட்டில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்துவதுதான் சுலபம்.

அப்பா, அம்மா ஆதாரையும் அதே மேசையில் வையுங்கள். பையன் அங்கே போய் வாரிசு, நாமினி என்று உங்கள் பெயரைத்தான் எழுதுவான். அவன் எழுதுகிற பெயரும் உங்கள் ஆதாரில் இருக்கிற பெயரும் ஒத்துப்போக வேண்டும். அக்னிவீர்களுக்கு 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்குப் பையன் பணம் கட்டத் தேவையில்லை. இதைப் பற்றிப் பேசவே ஒரு தாய்க்கு மனசு வராது. எனக்கும் வரவில்லை. ஆனாலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன், நீங்களும் செய்யுங்கள்.

இருப்பிடச் சான்று, சாதிச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று போய்வர நாளாகும். தேர்வு முடிவு வந்த வாரமே பதிந்துவிடுங்கள். போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது. தக்காளிக்கு மருந்தடிக்கப் போனோம், மாங்காய் லோடு ஏற்றப் போனோம் என்றால் அவர் இன்னொரு நாள்தான் வருவார். பக்கத்து வீட்டில் உங்கள் செல் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு செட் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். அங்கிருந்து திடீரென்று ஒரு காகிதம் கேட்பான்.

போய்ச் சேர்ந்தவன் போனே பண்ணவில்லை. என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை. பயிற்சிக் காலத்தில் கைபேசி பெரும்பாலும் அவன் கையில் இருக்காது. அனுமதி கிடைக்கிற நேரத்தில்தான் பேச முடியும். நாம் அழைத்தால் அணைத்து வைத்திருப்பதாகத்தான் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டே பாதி உயிர் போய்விடும், அதனால் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள்.

முதல் அழைப்பு தெரியாத நம்பரிலிருந்தும் வரலாம். விளம்பரக் கால் என்று வெட்டிவிடாதீர்கள். எனக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது வந்தது. பின்னால் நான்கைந்து பையன்கள் ‘ஜல்தி, ஜல்தி’ என்று அவசரப்படுத்துவது காதில் விழுந்தது. “சாப்டியா?” என்று நான் கேட்டேன், “சாப்ட்டேன், நீ சாப்டியா?” என்று அவன் கேட்டான், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையிலோ முந்தானையிலோ வைத்திருங்கள். முதலில் கேட்க வேண்டியது அவனுடைய முழு முகவரியும் பணி எண்ணும், அவன் எந்த டிவிஷன், அதாவது எந்தக் குழு என்பதும். அழுகை அப்புறம்.

கடிதம் போடலாமா? இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்?

போடுங்கள். போன் இல்லாத இடத்தில் கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு தனி. எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை, என் மாமியாருக்கு எழுதவே தெரியாது. அவர் சொல்லச் சொல்ல என் சின்ன மகள் எழுதினாள். ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் ஏறியது, எதிர் வீட்டுப் பாட்டி விசாரித்தது, இவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தத் தாளை அவன் மடித்து இன்னும் வைத்திருக்கிறான்.

பெயர், பதவி, எண், டிவிஷன், ஐ.என்.எஸ். சில்கா, ஒடிசா, பின்கோடு எல்லாம் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பதிவுத் தபால் என்று இப்போது தனியாக இல்லை, 2025-ல் அதையும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பையன் கப்பலுக்குப் போன பிறகு கப்பல் எந்த ஊரில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியத் தேவையில்லை. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் ஃபிளீட் மெயில் ஆபீஸ் இருக்கிறது, அதன் முகவரிக்குக் கப்பல் பெயரோடு அனுப்பினால் அவர்கள் சேர்ப்பார்கள்.

தின்பண்டப் பார்சல் மட்டும் கேட்காமல் அனுப்பாதீர்கள். அதிரசமும் முறுக்கும் வாசலோடு நின்றுவிட்டால் உங்களுக்குத்தான் மனக்கஷ்டம்.

“என்னால முடியலம்மா, வந்துடறேன்” என்று அழுகிறான். என்ன சொல்வது?

பெரும்பாலும் முதல் சில வாரங்களில் இது வரும். விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட வேண்டும், கால் கொப்பளிக்கும், ஒருவன் செய்த தப்புக்கு எல்லோரும் தண்டனை வாங்க வேண்டும், பேசுகிற பாஷை புரியாது. அழுதால் அழட்டும். அம்மாவிடம் அழாமல் யாரிடம் அழுவான்?

அவன் அழும்போது நீங்களும் சேர்ந்து அழுது “வாடா கண்ணு, கூழோ கஞ்சியோ குடிச்சிக்கலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். “ஊரெல்லாம் சொல்லிட்டேன், வந்தா மானம் போயிடும்” என்றும் சொல்லாதீர்கள். இரண்டாவது முதலாவதைவிட மோசம். மானத்தைச் சொல்லி வாயை அடைத்தால் அடுத்த முறை உண்மையான கஷ்டம் வந்தாலும் சொல்ல மாட்டான். “இன்னிக்கு என்ன ஆச்சு?” என்று ஒரு நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள். அன்றைக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்திருப்பான், அவ்வளவுதான் விஷயமாக இருக்கும்.

அடி, உடம்புக்கு முடியாதது, தூக்கமே இல்லாதது, வாழ்க்கையே வேண்டாம் என்ற மாதிரிப் பேச்சு, இவை வந்தால் காத்திருக்கக் கூடாது. “உன் டிவிஷனல் ஆபீசரிடம் இப்பவே சொல்லு” என்று சொல்லுங்கள், அவன் சொன்னானா என்று விசாரியுங்கள். தேவைப்பட்டால் நீங்களே அவரைத் தொடர்புகொள்ளுங்கள். கடற்படையில் ஒவ்வொரு மாலுமியும் ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருப்பான். வேலை மட்டுமல்ல, உடம்பு, மனசு, வீட்டுப் பிரச்சினை, லீவு எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியவர் அவர்தான். அவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்க வேண்டாம், அது அவருடைய வேலை.

இஷ்டப்பட்டபோது விட்டு வருவது பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு முடிவதற்கு முன் சொந்த விருப்பத்தில் விலக, விசேஷக் காரணம் இருந்து மேலதிகாரி ஒப்புக்கொண்டால்தான் முடியும்.

மெடிக்கலில் திருப்பி அனுப்பிவிடுவார்களாமே?

அனுப்பலாம். சில்கா போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் தேறினால்தான் சேர்ப்பு உறுதி. அதனால் வழியனுப்பு விழாவுக்கு பேனர் அடிக்கும் வேலையை அதுவரை தள்ளிப் போடச் சொல்வேன். திரும்பி வந்த பையன் அந்த பேனருக்குக் கீழேதான் நடந்து வீட்டுக்கு வர வேண்டும். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு பையன் காதுப் பிரச்சினையால் திரும்பி வந்து வாரக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. அவன் எதிலும் தோற்கவில்லை, உடம்பில் ஒரு குறை இருந்தது, அவ்வளவுதான். மறுபரிசோதனை கேட்க வழி இருக்கிறதா என்று அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். கிளம்புமுன் பல், காது மெழுகு, தோல் தொற்று, கண் எல்லாவற்றையும் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வீட்டில் ஒரு அவசரம். எப்படித் தெரிவிப்பது?

அவசரம் வருவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்கி வைக்க வேண்டியவை: அவனுடைய எண், டிவிஷன், பிரிவின் தொலைபேசி எண், டிவிஷனல் ஆபீசரின் பெயர். நாட்காட்டிக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் உங்கள் செல்போனைத் தேடித் திறக்கத் தெரியாதவர்தான் வீட்டில் இருப்பார்.

அழைத்தால் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள். பையன் பெயர், எண், என்ன நடந்தது, யாருக்கு, எந்த மருத்துவமனை, இந்த ஐந்தையும் சொல்லத் தெரிந்தால் போதும். பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணைப் பேசச் சொல்லலாம். மருத்துவமனைச் சீட்டையோ சான்றையோ போட்டோ எடுத்து வையுங்கள், லீவு கொடுப்பதற்கு முன் உண்மையா என்று உறுதி செய்வார்கள். பொய்யாகப் பாட்டி சாவை ஒருமுறை சொன்னால், உண்மையாகவே நடக்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று: அவன் நடுக்கடலில் இருந்தால் எத்தனை பெரிய காரணமாக இருந்தாலும் உடனே வர முடியாமல் போகலாம். கொள்ளி வைக்க மகன் வரவில்லை என்று ஊர் பேசும். அப்படி ஒரு நிலைமை வந்தால் யார் முன்னால் நிற்பது என்று பங்காளிகளோடு முன்கூட்டியே பேசி வைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். கேட்க வலிக்கிற பேச்சுதான், ஆனால் அந்தப் பையனைக் குற்ற உணர்ச்சியிலிருந்து காப்பாற்றியது அதுதான்.

வருடத்துக்கு 30 நாள் லீவு உண்டு. எப்போது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் கண்டிப்பாக வருவான் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உள்ளூரில் யாரிடம் போய் நிற்பது?

மூன்று இடம் சொல்கிறேன்.

முதலாவது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். தருமபுரிக்கு ஒன்று, கிருஷ்ணகிரிக்கு ஒன்று உண்டு. கலெக்டர் ஆபீசில் கேட்டால் வழி சொல்வார்கள். பெயரில் ‘முன்னாள்’ என்று இருப்பதால் ரிட்டையர் ஆனவர்களுக்கு மட்டும்தான் என்று நம் ஜனங்கள் போவதே இல்லை. இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பமும் போகலாம். பையனுடைய சேர்ப்புக் காகித நகலை எடுத்துக்கொண்டு ஒருமுறை போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஒரே பிள்ளையையோ ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளையோ படைக்கு அனுப்பிய பெற்றோருக்குத் தமிழக அரசின் போர்ப்பணி ஊக்க மானியம் என்று ஒன்று இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். படைவீரர் குடும்பங்களுக்காக கலெக்டர் தனியாகக் குறைதீர் கூட்டமும் நடத்துவார், அடுத்தது எப்போது என்று அங்கேயே விசாரிக்கலாம். மகன் வெளியூரில் இருக்கிற நேரம் பார்த்து வரப்பைத் தள்ளி வைக்கிற பங்காளி எல்லா ஊரிலும் உண்டு. பட்டா, அளவை, வழித்தடத் தகராறு எதுவானாலும் இந்தக் கூட்டத்திலும் திங்கட்கிழமை மனு நாளிலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது, ஊரில் இருக்கிற பழைய பட்டாளத்துக்காரர். அவர் தரைப்படையாக இருக்கலாம், கடல் தெரியாமல் இருக்கலாம். பிரிவு, லீவு, மேலதிகாரி, சம்பளம், இவையெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைவிட அவர் மனைவியிடம்தான் எனக்கு நிறையக் கிடைத்தது. எல்லைக்குப் போன புருஷனுக்காக மாசக்கணக்கில் காத்திருந்தவர் அவர். “ராத்திரியில நியூஸ் பார்க்காத, காலையில பாரு” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது, அதே பேட்ச் பையன்களின் வீடுகள். பையனிடம் “உன் கூட நம்ம பக்கத்துப் பசங்க யார் இருக்காங்க?” என்று கேளுங்கள். சேலம், திருப்பத்தூர் வரை யாராவது இருப்பார்கள். அந்த அம்மாவின் நம்பர் ஒன்று கிடைத்தால் போதும். ஒரு வாரம் இவனுக்குப் பேச முடியாமல் போனாலும், அவன் பேசும்போது “உங்க பையன் நல்லா இருக்கானாம்” என்று செய்தி வந்துவிடும். பாலக்கோட்டில் ஓர் அம்மாவும் நானும் அப்படித்தான் பழக்கமானோம். இன்று எங்கள் இரண்டு வீட்டு விசேஷமும் ஒன்றுதான்.

ஹிந்தி தெரியாது. ரொட்டி பிடிக்காது. எப்படிச் சமாளிப்பான்?

சமாளிப்பான். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பையன்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இன்னொரு பாஷை பெரிய காரியமில்லை. மற்றவர்களும் கட்டளை வார்த்தைகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். கிளம்புமுன் எண்கள், கிழமை, சாப்பாடு, உடம்பு சரியில்லை என்று சொல்வது, இந்த அளவு ஹிந்தி கற்றுப் போனால் நல்லது. களி தின்று வளர்ந்த உடம்புக்கு அங்கே பசி போதும், சாப்பாடு தானே இறங்கும்.

ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாட்டி ஒரே அழுகை.

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. பாட்டியை அதட்டாதீர்கள். அவருக்குத் தெரிந்த தண்ணீர் ஒகேனக்கல் சுழலும் வெள்ளத்தில் வந்த தென்பெண்ணையும்தான், இரண்டும் ஆளை விழுங்கியதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

அவரிடம் சொல்ல வேண்டியது இது. பென்னாகரம் பக்கத்துப் பையன் காவிரியில் நீந்தியிருப்பான், மொரப்பூர் பக்கத்துப் பையன் கிணற்றில் கயிறு கட்டிக் குதித்திருப்பான் அல்லது தண்ணீரையே பார்த்திருக்க மாட்டான். சில்காவில் எல்லோருக்கும் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறார்கள், தெரியாதவனுக்குத் தனியாகப் பழக்குகிறார்கள். நீச்சல் தெரியாமல் ஏரியில் குளிக்கப் போகிற நம்மூர்ப் பையனைவிட அவன் பத்திரமாகத்தான் இருக்கிறான். அப்புறமும் மனசு கேட்கவில்லை என்றால் தீர்த்தமலைக்கு ஒருமுறை போய் வேண்டிக்கொண்டு வரட்டும். பாட்டிக்கு அதில் கிடைக்கிற தைரியத்தை நம் பேச்சில் கொடுக்க முடியாது.

ஒடிசாவில் புயல் என்று டிவியில் சொன்னால்?

அந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 2013-ல் பைலின், 2019-ல் ஃபானி இரண்டும் அந்தப் பக்கம்தான் கரை கடந்தன. பையன்கள் இருப்பது கட்டுப்பாடான தளத்தில், கூரை வீட்டில் அல்ல. மின்சாரமும் டவரும் போனால் போன் வராது. இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

மாதம் எவ்வளவு அனுப்புவான்?

சரி, கணக்காகவே பார்ப்போம். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும், கைக்கு 21,000. இரண்டாம் ஆண்டு 33,000-ல் கைக்கு 23,100. மூன்றாம் ஆண்டு 36,500-ல் 25,550. நான்காம் ஆண்டு 40,000-ல் 28,000. பணிக்கேற்ற சில படிகள் தனி. நான்கு ஆண்டில் அவனிடம் பிடித்தது 5.02 லட்சம், அதே அளவு அரசும் போடும். ஆக முடிவில் 10.04 லட்சமும் அதன் வட்டியும். அதற்கு வருமான வரி இல்லை. பென்ஷன், கிராஜுவிட்டி இல்லை.

‘மகன் சென்ட்ரல் கவர்ன்மென்ட்’ என்று கேள்விப்பட்டதும் கடன் கொடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள். முதல் சம்பளம் வருவதற்குள் மைக்ரோ பைனான்ஸில் வாங்கி வீட்டுக்கு மாடி எழுப்பிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். பையன் மாதாமாதம் தவணைக்காகவே ஓடினான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோச்சிங்குக்கு வைத்த நகையை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள், அது நியாயம். மிச்சத்தில் அவன் கையிலும் கொஞ்சம் இருக்கட்டும், இருபது வயதுப் பையன், வெளியூர். சேவா நிதிப் பணம் வரும்போது அவனுக்கு இருபத்திரண்டோ இருபத்தைந்தோ வயது. அது அவன் அடுத்த வாழ்க்கைக்கு முதல், தங்கச்சி கல்யாணத்துக்கு என்று இன்றே எழுதி வைக்க வேண்டாம்.

மாமன் மகளைப் பேசி வைத்திருக்கிறோம். கல்யாணத்தை முடித்துவிடலாமா?

முடியாது. நான்கு ஆண்டு முடியும்வரை அக்னிவீர் கல்யாணம் செய்யக் கூடாது. ரகசியமாகச் செய்தாலும் வேலை போகும். பெண் வீட்டுக்காரர்களிடம் இன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பெண் பிள்ளை சேர்ந்திருக்கிறாள். வேறு ஏதாவது உண்டா?

பெண்கள் மாலுமியாகச் சேர்வதே அக்னிவீர் திட்டத்தோடு தொடங்கியதுதான். முதல் பேட்ச்சில் 270-க்கு மேற்பட்ட பெண்கள் சில்காவில் பயிற்சி முடித்து 2023 மார்ச் 28 அன்று அணிவகுத்தார்கள். மேலே சொன்ன பதில்கள் அவளுக்கும் அப்படியே பொருந்தும். உங்களுக்குத்தான் கூடுதல் வேலை, “பொம்பளப் புள்ளைய இவ்வளவு தூரமா?” என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். நல்லம்பள்ளியில் ஓர் அப்பா சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: “ஓசூர் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் அனுப்பினா கேட்க மாட்டீங்க, இதுக்கு மட்டும் ஏன் கேக்கறீங்க?”

பயிற்சி முடிவில் நடக்கும் பாசிங் அவுட் பரேடுக்குப் போகலாமா?

குடும்பத்துக்கு அழைப்பு வந்தால், கடன் வாங்காமல் முடிகிற வீடு கட்டாயம் போங்கள். கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையமே இல்லை, பெங்களூரோ சென்னையோ போய் ரயிலேறலாம். இறங்க குர்தா ரோடு அல்லது பாலுகாவ். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், தேதி தெரிந்த அன்றே போட்டுவிடுங்கள். வருகிற எல்லோரும் அசல் ஆதார் எடுத்து வர வேண்டும். முதல் பேட்ச் பரேடு பொழுது சாய்ந்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. அப்படி இருந்தால் திரும்பும் ரயிலை மறுநாளுக்குப் போடுங்கள். போக முடியாத வீடுகள் வருந்த வேண்டாம். ஒரே நேரத்தில் எல்லோரும் வெள்ளை உடையில் நடக்கும்போது சொந்த மகனையே கண்டுபிடிப்பது கஷ்டம், வீட்டுக்கு வந்ததும் ஆற அமரப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவன் போட்டோ போடலாமா?

சீருடைப் படம், கப்பல் பெயர், எந்தத் துறைமுகம், எப்போது கிளம்புகிறது, இவை வேண்டாம். கடற்படை 2019 டிசம்பரில் கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போனையும் முகநூலையும் தடை செய்ததே வெளியாட்கள் இதன் வழியாக விஷயம் கறந்ததால்தான். நாம் பெருமைக்குப் போடுகிற ஒரு வரி அவனுக்கு விசாரணையாக முடியும். “அண்ணன் எந்தக் கப்பல்?” என்று தெரியாத ஆள் தங்கையிடம் சாட்டில் கேட்டால் பதில் சொல்லாமல் பையனிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

“உங்க பையனுக்கு அடிபட்டுடுச்சு, உடனே பணம் போடுங்க” என்று வரும் அழைப்பு மோசடி. சிகிச்சைக்குக் கடற்படை உங்களிடம் பணம் கேட்காது, சில்காவிலேயே கடற்படை மருத்துவமனை இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சண்டை என்று செய்தி வந்தால் தாங்க முடியவில்லை. ராத்திரி தூக்கமே இல்லை.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது நம் கப்பல்கள் அரபிக் கடலில் நின்றன. அந்த நாட்களில் நானும் அடுப்படிக்கும் டிவிக்கும் நடுவில்தான் இருந்தேன். சில சேனல்கள் நடக்காததையெல்லாம் சொல்லின. அவன் பத்திரமாக இருந்தான், பேசத்தான் முடியவில்லை. குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது எதுவானாலும் கடற்படை நேரடியாகச் சொல்லும், டிவி வழியாகச் சொல்லாது. பகலில் ஒருமுறை செய்தி பாருங்கள், போதும்.

படபடப்பு வாரக்கணக்கில் நின்றாலோ சாப்பாடு இறங்கவில்லை என்றாலோ 14416-க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். அப்பாக்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அம்மாவாவது அழுதுவிடுகிறாள். அப்பா மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

நான்கு வருடம் கழித்து?

25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாக எடுக்கப்படலாம். மற்றவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் பாதுகாப்புத் துறை வேலைகளிலும் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தார்கள். வணிகக் கப்பல் துறையிலும் வழிகள் உண்டு. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அக்னிவீர்களுக்கான பட்டப்படிப்பு இருக்கிறது, பயிற்சியும் பணியுமே பாதி கிரெடிட்டாகக் கணக்கில் வரும். கப்பலில் ஏறிய முதல் வருடமே அதில் சேரச் சொல்லுங்கள், நான்காவது வருடம் போட்டால் நேரம் போதாது.

அண்ணனைப் பார்த்துத் தம்பியும் நேவிதான் என்கிறான். என்ன படிக்க வேண்டும்?

வயது பதினேழரை முதல் 21 வரை. எஸ்.எஸ்.ஆர். (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்து 50 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். எம்.ஆர். (மெட்ரிக் ரெக்ரூட்) பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் 50 சதவீதம். விண்ணப்பம் ஜாயின் இந்தியன் நேவி இணையதளத்தில் மட்டும்தான். பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவருக்கு டீ கூடக் கொடுக்காதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள், காமர்ஸ் எடுத்த பிறகு எஸ்.எஸ்.ஆர். கேட்டு நிறைய பேர் வருகிறார்கள். மிச்ச நேரத்தில் நீச்சல் பழகட்டும், பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு.